கருநீலம் கேட்ட படகு

போர்ட் கிள்ளானில் சித்தப்பாவின் ஃபைபர் படகு நிற்கிறது. 18 அடி நீளம். 25 வயதுக்கு மேல். வெள்ளை நிறம் மங்கி, கை வைத்தால் சுண்ணாம்புபோல் பொடி ஒட்டுகிறது.

"அண்ணே, இந்த முறை பளபளன்னு கருநீலம் அடிச்சிடலாம்" என்றான் தம்பி. சொகுசுப் படகுகளைப் பார்த்து வந்த ஆசை. சித்தப்பா சம்மதிக்கவில்லை. வயதானவரின் பிடிவாதம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நண்பகலில் ஒரு வெள்ளைக் கார் மீதும் ஒரு கறுப்புக் கார் மீதும் கை வைத்துப் பாருங்கள், விஷயம் புரிந்துவிடும். நம் ஊர் வெயிலில் அடர்நிறப் பரப்பின் சூடு 60 டிகிரியைத் தாண்டக்கூடும். பழைய படகுகள் பெரும்பாலும் பாலியஸ்டர் பிசினில் செய்தவை. சாதாரண வகைப் பிசின் ஏறக்குறைய அந்தச் சூட்டிலேயே இளகத் தொடங்கும். அப்போது உள்ளிருக்கும் கண்ணாடி இழையின் நெசவு மேலே தடமாகத் தெரியும். ஒட்டுப்போட்ட இடங்களின் ஓரம் கோடாக எழும்பும். வெள்ளை நிறம் மேடு பள்ளத்தை மறைக்கும். பளபளக்கும் அடர்நிறமோ எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

சித்தப்பாவின் படகிலும் ஓர் ஒட்டு உண்டு. ஜெட்டியில் மோதி உடைந்த இடத்தை முன்பு அவரே சரிசெய்திருந்தார். அதன்மேல் இரண்டடி அகலத்துக்குக் கருநீலம் பூசி, இரண்டு வாரம் வெயிலில் விட்டுப் பார்த்தோம். ஒட்டின் ஓரம் முழுதாகத் தெரிந்தது.

"தழும்பு தெரியுறதுல எனக்கு வெட்கமில்லடா. அது சூட்டுல விட்டுப்போனா, கடல்ல இருக்கப்போறது நீயும் பேரப்பிள்ளைங்களும்" என்றார் சித்தப்பா. தம்பி அதற்குமேல் பேசவில்லை. விவரம் தெரிந்தவரைக் கொண்டு அந்த ஒட்டைத் தேய்த்தெடுத்து, எப்பாக்சியில் புதிதாகப் போட்டோம்.

நீங்களும் பழைய படகுக்கு வண்ணம் பூச நினைத்தால், முதலில் சோப்பு போட்டுக் கழுவி, மெழுகு நீக்கும் திரவத்தால் துடைத்துவிடுங்கள். அதன் பிறகே உப்புத்தாள். முதலிலேயே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கும், வண்ணம் பிடிக்காது. பள்ளங்களை எப்பாக்சி பூச்சால் நிரப்பி, எப்பாக்சி பிரைமர் அடித்து, 220, பிறகு 320 எண் தாளால் தேயுங்கள். நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு கலவை பாலியூரிதேனை மெல்லிய பூச்சுகளாகப் பூசுங்கள். நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குத் தனி வண்ணம் உண்டு. பனி காய்ந்த பிறகு, காலையில் நிழலில் வேலை செய்யுங்கள். மாலையில் பூசினால் இரவு ஈரம் பளபளப்பைக் கெடுத்துவிடும்.

பாலியூரிதேன் கலவையில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். ஸ்ப்ரே வேலையைத் தொழில்முறை ஆட்களிடம் விடுங்கள். ரோலரில் பூசினாலும் டப்பாவில் சொல்லப்பட்ட சுவாசக் கவசம் வேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் வரக்கூடாது.

எங்கள் படகு இப்போது வெளிர் சாம்பல் நிறம். மேல் விளிம்பில் மட்டும் நான்கு அங்குலக் கருநீலப் பட்டை. தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பும் படங்களில் அந்தப் பட்டை மட்டும்தான் இருக்கிறது!