மலைகளும் மலர்களும்

கொரியாவில் ‘சிரும்’ என்றொரு மல்யுத்தம் உண்டு. மணல் தரையில் இறங்கி, இடுப்பிலும் தொடையிலும் சுற்றிய துணிப்பட்டையை ஒருவர் மற்றவருடையதைப் பற்றிக்கொண்டு சாய்க்க வேண்டும். முன்னாளில் வென்றவனுக்கு ஒரு காளை மாடு பரிசு. 2018-இல் பகை நாடுகளான வட கொரியா, தென் கொரியா இரண்டின் பெயரிலும் கூட்டாகவே இது யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

தென் கொரியாவில் இப்போது பெண்களும் மணலில் இறங்குகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எடைப் பிரிவுகளுக்கு இட்ட பெயர்களைப் பாருங்கள். ஆண்களுக்குத் தேபெக், கும்காங், ஹல்லா, பெக்து. நான்கும் மலைகள். பெண்களுக்கு மேஹ்வா, குக்ஹ்வா, முகுங்ஹ்வா. மூன்றும் பூக்கள்! 80 கிலோ வரை எடையுள்ள ஆண் மலையாம். அதே 80 கிலோ வரை எடையுள்ள பெண் பூவாம். முகுங்ஹ்வா அந்நாட்டின் தேசிய மலர் என்று சமாதானம் சொல்வார்கள். தேசியமே ஆனாலும் பூ பூதானே?

“பெயரில் என்ன ஐயா இருக்கிறது?” என்று ஒரு நண்பர் கேட்டார். கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? பாத்திரத்துக்குப் பெயர் வைக்கும்போதே அதன் தலையெழுத்தில் பாதியை நான் எழுதி விடுகிறேன்.

இது இன்று நேற்றைய சமாசாரமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் கிம் ஹோங்-தோ ஒரு மல்யுத்தத்தைத் தீட்டினார். சுற்றியிருந்து ரசிக்கும் கூட்டத்தில் ஒரு பெண்ணைக்கூடக் காணோம். ஏறக்குறைய அதே காலத்து ஷின் யுன்-பொக், தானோ பண்டிகையன்று பெண்கள் ஊஞ்சலாடுவதையும் ஓடையில் குளிப்பதையும் தீட்டினார். அங்கே பாறை மறைவில் இரண்டு பையன்கள் ஒளிந்து பார்க்கிறார்கள்! பெண்ணின் உடம்பைப் பார்ப்பதில் எவருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. அந்த உடம்புக்குப் பலம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில்தான் சங்கடம்.

2023-இல் ‘பிசிகல்: 100’ என்ற கொரிய நிகழ்ச்சியை உலகமே பார்த்தது. நூறு பேரில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. மல்யுத்த வீராங்கனை ஜாங் உன்-சில் தலைமையில், பெண்களும் கலந்த ஓர் அணி. எளிதில் வீழ்த்திவிடலாம் என்று எண்ணி எதிரணி ஒன்று அதையே தேர்ந்தெடுத்தது. பாலம் அமைத்து மணல் சுமக்கும் போட்டி. வென்றது ஜாங்கின் அணி.

பெண்கள் மல்லுக்கு நின்றால் பெண்மை போய்விடும் என்று கவலைப்படும் பெரியவர்களை நான் கேட்கிறேன்: குடம் சுமந்தபோது போகாத பெண்மை, நாற்று நட்டு இடுப்பொடிந்தபோது போகாத பெண்மை, கூலியும் கைதட்டலும் கிடைக்கும் இடத்தில் மட்டும் எப்படிப் போகும்?

பூக்களைக் கூந்தலுக்கு விட்டுவிடுவோம். மணலில் எதிராளியைத் தூக்கிச் சாய்த்துவிட்டு எழுந்து நிற்கிறாளே, அவளுக்கும் ஒரு மலையின் பெயரைக் கொடுங்கள். கொரியாவில் மலைகளுக்கா பஞ்சம்?