ஜாப்பியரை விட்டு என்8என்: இலவசம் யாருக்கு?

"ஜாப்பியருக்கு மாதாமாதம் எதற்குத் தண்டம் அழ வேண்டும்? என்8என் இலவசமாச்சே!" இந்த ஒரே வரியை நம்பி மொத்த டீமையும் இடம் மாற்றுகிற மேனேஜர்கள் இருக்கிறார்கள்.

கணக்கு பொய்யில்லை. ஒரு ஆர்டர் வந்ததும் ஷீட்டில் எழுது, மெயில் அனுப்பு, ஸ்லாக்கில் சொல் என்றால் ஜாப்பியரில் அது 3 டாஸ்க். என்8என் கிளவுடில் எல்லாம் சேர்த்து ஒரே ஓட்டம். சொந்த சர்வரில் போட்டால் அந்த எண்ணிக்கையும் கிடையாது.

சரி, அந்த சர்வரை யார் பார்ப்பது? அப்டேட் யார் போடுவது? ராத்திரி 2 மணிக்கு டிஸ்க் நிரம்பினால்...? இணைத்த கணக்குகளின் பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாவற்றையும் என்8என் ஒரு என்கிரிப்ஷன் கீ போட்டுத்தான் பூட்டி வைக்கிறது. டேட்டாபேஸை மட்டும் பேக்கப் எடுத்து, கீயைத் தொலைத்தால் போச்சு! ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து இணைக்க வேண்டியதுதான். (இதை 'ஓப்பன் சோர்ஸ்' என்று வேறு சொல்லித் திரிகிறார்கள். உரிமத்தைப் படித்தால் அப்படி இல்லை.)

பழைய ஜாப்களை அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது, கையால் மறுபடி கட்ட வேண்டும். எது எதற்கு என்று எழுதி வைத்தவர் இல்லை, கட்டியவரோ வேலையை விட்டே போயிருப்பார். மாற்றுகிற வாரம் இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பில் போகும். போன் போட்டு மன்னிப்புக் கேட்பது மேனேஜரா? டீமிலேயே சம்பளம் குறைந்தவர்தான்.

மாற்றட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? சர்வரோடு மல்லுக்கட்டப் போகிறவரின் மணி நேரத்துக்கும் விலை போட்டு, அதையும் அந்த 'இலவச'க் கணக்கில் எழுதிவிட்டு மாற்றட்டும்.