வாப்பாவின் மணிக்கூடு லாச்சிக்குள்ள, வாங்கின பழமை கையில



கலியாண சீசன் தொடங்கிவிட்டது. அதோடு மணிக்கூட்டுப் பேச்சும் தொடங்கிவிட்டது. "மாப்பிள்ளைக்கு என்ன மணிக்கூடு?" என்ற கேள்விக்கு ஊரில் இப்போது புதிய பதில் ஒன்று வந்திருக்கிறது. பெரிசாக மினுமினுக்கிறது எல்லாம் போன பேஷனாம். இப்போது எடுபடுவது 'விண்டேஜ்'. மெல்லிசான உடம்பு, எண் இல்லாத வெள்ளை முகம், தோல் பட்டி, சட்டைக் கைக்குள் மறைகிற அளவு. பார்த்தால் 1960களில் செய்தது மாதிரி. ஆனால் பெட்டி பிரிக்காத புதுசு. கொம்பனி தன்னுடைய பழைய மொடலைத் தூசு தட்டி மறுபடி செய்து விற்கிறது. அதைக் கட்டினால் "ரசனை உள்ள ஆள்" என்று பெயர்.

இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. கோபம் வருகிறவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மணிக்கூட்டின் மேல் நமக்குப் பகை இல்லை. பெட்டரி இல்லாமல், ஒரு சுருள்வில்லின் பலத்தில் பல்சக்கரங்கள் சுற்றி நேரம் காட்டுவது மனித மூளையின் பெரிய சாதனை. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல பௌதிகவியல் பாடம் இல்லை. ஹலாலான காசில், கடன் படாமல் ஒருவர் வாங்கிக் கட்டினால் அதைத் தடுக்க நாம் யார்? நாம் கேட்பது, அந்தப் பொருளைச் சுற்றி ஊரில் கட்டப்படும் பொய்களைப் பற்றி.

1. யாருடைய பழமை இது?

ஒரு உதாரணம் எடுப்போம். ஜப்பானின் சீக்கோ கொம்பனி 1961இல் 'கிங் சீக்கோ' என்று ஒரு மணிக்கூட்டைக் கொண்டுவந்தது. 1965இல் அதன் இரண்டாவது வடிவம் வந்தது. 2021இல் அந்த 1965 வடிவத்தைப் பார்த்து மறுபடி செய்து, உலகம் முழுவதற்கும் 3,000 என்று எண்ணி விற்றார்கள். விலை ஏறக்குறைய 3,300 அமெரிக்க டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் பத்து இலட்சத்தைத் தொடுகிறது.

நல்ல மணிக்கூடுதான். ஆனால் "நம்ம வாப்பாமார் கட்டினது" என்று சொல்லி அதைக் காட்டுவதுதான் சிரிப்பு. நம்ம ஊரில் எந்த வாப்பா கிங் சீக்கோ கட்டினார்? 1977க்குப் பிறகு நாடு திறந்துவிட, சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போன மனிதர்கள் இரண்டு வருட வெயிலைத் தின்றுவிட்டுத் திரும்பி வரும்போது கட்டி வந்தது 'சீக்கோ 5'. 1963இல் தொடங்கிய வரிசை அது. சாமானிய மனிதனுக்கென்று செய்தது. கை அசைந்தாலே தானாக முறுக்கேறும், தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், நாளும் திகதியும் ஒரே ஜன்னலில் தெரியும். வளைகுடாவில் வாங்கியவற்றில் நாளின் பெயர் அரபியிலும் வரும். கட்டிட வேலைக்கும் லொறி ஓட்டுவதற்கும் கட்டிப் போன மணிக்கூடு. வுழூச் செய்யும்போது கழற்றி சட்டைப் பையில் போட்ட மணிக்கூடு.

அந்த மணிக்கூடு இப்போது எங்கே? லாச்சிக்குள். உடைந்த மூக்குக்கண்ணாடிக்கும் பழைய பாஸ்போட்டுக்கும் நடுவில். சொந்த வாப்பாவின் வியர்வை ஊறிய பழமையை லாச்சிக்குள் போட்டுவிட்டு, எங்கேயோ ஒரு நாட்டுக் கனவான்களின் பழமையை இலட்சக் கணக்கில் விலைக்கு வாங்குவதற்குப் பெயர் ரசனையா?

2. யாருடைய காசு இது?

"என் காசு, என் கை, உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். சரி, உங்கள் காசு என்றால் நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். ஆனால் கலியாண மேடையில் மின்னுகிற மணிக்கூடுகளில் எத்தனை மாப்பிள்ளையின் காசு?

வீடு கேட்டோம், வளவு கேட்டோம். அது போதாதென்று மாப்பிள்ளைக்கு மோதிரம், உடுப்பு, மணிக்கூடு. முன்பு "ஒரு மணிக்கூடு" என்றிருந்தது. இப்போது வட்ஸ்அப்பில் படமும் மொடல் இலக்கமும் வருகிறது. "நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அவருக்கு இந்த மாதிரிதான் விருப்பமாம்" என்று மாப்பிள்ளையின் லாத்தா மெதுவாகச் சொல்வாராம். இது கேட்பது இல்லையா? கொடுக்க வேண்டியவன் ஆண். மஹர் அவன் மேல் உள்ள கடமை. மஹரை ஐயாயிரத்தில் முடித்துவிட்டு, மணிக்கட்டில் பெண் வீட்டாரின் இரண்டு இலட்சத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வருகிற இளைஞனிடம் நாம் என்ன ரசனையைக் காண்பது?

2022ஐ மறந்துவிட்டோமா? பெற்றோல் வரிசையில் இரவு விடிய நின்றோம். பரீட்சைத் தாள் அச்சிடக் கடதாசி இல்லை என்று தவணைப் பரீட்சையை ஒத்திப்போட்டார்கள். 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதத்தில் 360க்குப் போனது. அந்தக் காலத்தில் வாங்கிய கடனை இன்னும் கட்டி முடிக்காத வீடுகள் நம் தெருவிலேயே இருக்கின்றன. மகளின் கலியாணத்துக்காக உம்மா வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போன பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைத் தினமும் பார்க்கிறவர்கள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறோம்.

3. "இது முதலீடு" என்ற கதை

"கொஞ்ச எண்ணிக்கைதான் செய்தார்கள், விலை ஏறும்" என்கிறார்கள். மேலே சொன்ன உதாரணத்தையே பாருங்கள். 3,000 மட்டும் என்று விற்ற அடுத்த வருடமே, 2022இல், அதே தோற்றத்தை வேறு இயந்திரத்தோடு, ஏறக்குறைய பாதி விலைக்கு, எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் சந்தைக்கு விட்டார்கள். அதில் கொம்பனியின் குற்றம் ஒன்றும் இல்லை. அவர்கள் வியாபாரிகள். பழையதை ஒருமுறை மறுபதிப்புச் செய்தவனுக்குப் பத்துமுறை செய்யத் தெரியாதா? கடையை விட்டு இறங்கியதும் விலை குறைகிற பொருளைக் காணித்துண்டு மாதிரிப் பேசுவது நம்மையே நாம் ஏமாற்றுவது.

4. கொப்பி

அசலுக்குக் காசு இல்லாதவர்களுக்கு 'மாஸ்டர் கொப்பி' இருக்கிறது. பெயரும் முத்திரையும் அப்படியே. இதைக் கட்டிக்கொண்டு "அசல்தான்" என்று சபையில் சொல்வதற்கு என்ன பெயர்? நாம் பிள்ளைகளுக்குப் பரீட்சை மண்டபத்தில் கொப்பி அடிக்காதே என்கிறோம். தகப்பன் மணிக்கட்டில் கொப்பியைக் கட்டிக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறார்.

இன்னொன்று. இந்த வகை மணிக்கூடுகளில் தங்கத்தால் செய்ததும் உண்டு, தங்க முலாம் பூசியதும் உண்டு. ஆணுக்குத் தங்கம் ஆகாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாங்கிவிட்டுப் பிறகு பத்வா தேடாமல், வாங்க முன் உலமாக்களிடம் கேளுங்கள்.

5. நேரம்

கடைசியாக, எல்லாவற்றையும் விடப் பெரியது. அந்த 1965 கிங் சீக்கோவின் திருகியை இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். எதற்காக? வானொலியின் நேர ஒலியோடு விநாடி பிசகாமல் சரிசெய்வதற்காக. அந்த மக்களுக்கு விநாடியின் பெறுமதி தெரிந்திருந்தது. இத்தனைக்கும் அது கையால் முறுக்குகிற யந்திரம். அந்த மாதிரி யந்திரங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து விநாடி முன்பின் ஓடக்கூடியவை. சாதாரண பெட்டரி மணிக்கூடு ஒரு மாதத்தில்தான் அவ்வளவு பிசகும்.

நம்மிடம் விநாடி முள் நிற்பதில்லை. ஆட்கள்தான் வராமல் நிற்கிறார்கள். அழைப்பிதழில் நிக்காஹ் மாலை 4.30 என்று அச்சடிக்கிறோம். மாப்பிள்ளை வரும்போது மஃரிபுக்குப் பாங்கு சொல்கிறது. பெற்றோர் கூட்டம் இரண்டு மணிக்கென்றால் மூன்றரைக்குக் கிறாஅத் தொடங்குகிறது. ஆசிரியர்களாகிய நாங்களும் இதில் சேர்த்தி. முதலாம் பாடவேளை மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வகுப்புக்குள் நுழைகிறவரின் கையில் எந்த வருட மொடல் இருந்தால் என்ன?

சரி, என்ன செய்யலாம்?

இன்று இரவே லாச்சியைத் திறவுங்கள். வாப்பாவின் அல்லது அப்பாவின் சீக்கோ இருந்தால் பின்பக்க மூடியைத் திருப்பிப் பாருங்கள். '7009' மாதிரி நான்கு இலக்கம் தெரிந்தால் அது இயந்திரத்தின் இலக்கம். தனியாக ஆறு இலக்கத்தில் ஒரு தொடர் இருக்கும். அதன் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். '83' என்று தொடங்கினால் 1978 அல்லது 1988, மார்ச். வாப்பா எந்த வருடம் எங்கே வேலை செய்தார் என்று உம்மாவிடம் கேட்டால் எந்த வருடம் என்பதும் தெரிந்துவிடும். பிள்ளைகளை அருகில் இருத்திக்கொண்டு செய்யுங்கள். இந்தக் குடும்பம் எப்படி நிமிர்ந்தது என்று அவர்கள் கேட்கட்டும்.

பிறகு அதைத் திருத்தக் கொண்டுபோங்கள். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்திருக்கும் மணிக்கூடு திருத்துகிறவர் சந்தையில் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டால் பல மணிக்கூடுகள் மறுபடி ஓடும். அந்தத் தொழிலைப் படிக்க இன்று ஒரு பையனும் இல்லை. நாம் வேலை கொடுக்காமல் யார் படிப்பார்?

மாப்பிள்ளைமாரே, பெண் வீட்டாரிடம் "மணிக்கூடு வேண்டாம், வாப்பாட மணிக்கூடு இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு வாக்கியம்தான். ஒரு தகப்பனின் ஒரு வருடக் கடன் அதில் குறையும்.

நிக்காஹ் மஜ்லிஸுக்குச் சொன்ன நேரத்துக்கும் வந்துவிடுங்கள்.