சொந்த ஊர் பேசட்டும்!

செஞ்சிக் கோட்டையை இன்று உலகம் அறியும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடைய 12 கோட்டைகள் அந்தப் பட்டியலில் ஒன்றாகச் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் இருக்கின்றன. மீதி ஒன்றுதான் செஞ்சி.

ஊருக்கு இது பெருமை. ஆனால் தன் ஊர்ப் பெருமையைக்கூட வெளியூர் சொல்லித்தான் கேட்க வேண்டி இருக்கிறது. டெல்லி பேசுகிறது. சென்னை பேசுகிறது. செஞ்சி கேட்கிறது.

செஞ்சி பேச வழி இல்லையா? உண்டு. சிறிய டெலிவிஷன் நிலையங்களின் கதை அந்த வழியைக் காட்டுகிறது.

100 வாட் நிலையம்

இந்தியாவுக்கு டெலிவிஷன் 1959 செப்டம்பர் 15-ல் வந்தது. டெல்லியில் மட்டும்தான் முதலில் தெரிந்தது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது.

டெலிவிஷன் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. தூரம் கூடினால் படம் மங்கும். மலை குறுக்கே நின்றால் மறையும். செஞ்சியோ சென்னையில் இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுற்றிலும் குன்றுகள்!

இப்படிப்பட்ட ஊர்களுக்காகவே சிறுசக்தி நிலையங்கள் வந்தன. ஒரு நிலையத்தின் சக்தி 100 வாட். ஒரு குண்டு பல்பு எரியப் போதுமான சக்திதான். சுற்றி சுமார் 15 கிலோமீட்டருக்குப் படம் தெரியும்.

1984-ல் நாடெங்கும் இவை வேகமாகப் பெருகின. சில மாதங்களில், நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் தொடங்கப்பட்டன.

ஆனால் ஒரு குறை. இந்த நிலையங்களுக்குச் சொந்தப் பேச்சு கிடையாது. பெரிய நிலையம் அனுப்பியதை வாங்கித் திரும்ப அனுப்பின. அவ்வளவுதான். உள்ளூர் விவசாயியின் முகம் அதில் வராது. உள்ளூர் சந்தை விலை வராது.

பிறகு கேபிள் வந்தது. டிஷ் வந்தது. கூரைமேல் ஆன்டெனா துருப்பிடித்தது. 2022-ஆம் ஆண்டுக்குள், எல்லை போன்ற முக்கிய இடங்களில் இருந்த சுமார் 50 நிலையங்கள் தவிர, பழைய முறை நிலையங்களை எல்லாம் தூர்தர்ஷன் மூடிவிட்டது.

பல ஊர்களில் நிலையம் மூடியதே தெரியவில்லை. ஊரைப் பற்றி அது ஒருநாளும் பேசியதில்லை. போனால் யார் தேடுவார்கள்?

தேடப்பட்ட நிலையம்

ஆனால், "எங்கள் நிலையத்தை எடுக்காதே!" என்று மக்கள் எதிர்த்து நின்ற இடமும் உண்டு. அது குஜராத்தில், கேடா மாவட்டத்தில் உள்ள பீஜ் என்ற கிராமம்.

1975-ல் அங்கே 1 கிலோவாட் நிலையம் வந்தது. அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையமும் தூர்தர்ஷனும் சேர்ந்து நடத்தின. சுமார் 400 கிராமங்களில் 600-க்கும் மேற்பட்ட பொது டெலிவிஷன் பெட்டிகள் வைக்கப்பட்டன. பால் கூட்டுறவு சங்கங்களுக்குப் பெயர் போன மாவட்டம் அது. மாலையில் ஊரே பெட்டி முன் கூடியது.

என்ன பார்த்தார்கள்? தங்களையே பார்த்தார்கள்! கூலி ஏன் குறைகிறது, குடி குடும்பத்தை எப்படிக் கெடுக்கிறது, தீண்டாமை ஏன் ஒழியவில்லை என்பதெல்லாம் நாடகமாக வந்தது. கிராமத்து ஆட்களே நடித்தார்கள். கதை எழுதவும் உதவினார்கள். மக்களுக்கு என்ன தேவை என்று முதலில் கேட்டு, பிறகு நிகழ்ச்சி தயாரித்தார்கள். கிராம மக்களுக்குப் பயன்பட்ட இந்தப் பணிக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது.

1985-ல் ஒரு சோதனை வந்தது. சென்னையில் இரண்டாவது சேனல் தொடங்க வேண்டும். அதற்குப் பீஜ் கருவியைக் கழற்றிக் கொண்டு போகலாம் என்று முடிவானது. நகரத்துக்கு இரண்டு; கிராமத்துக்கு ஒன்றும் இல்லை! கேடா மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் பீஜ் நிலையமும் மூடப்பட்டது. ஆனால், மக்கள் அதைச் சும்மா விட்டுக் கொடுக்கவில்லை.

மற்ற நிலையங்கள் போனபோது ஊர் அசையவில்லை. பீஜ் நிலையத்துக்கு ஆபத்து வந்தபோது ஊர் எழுந்தது. பீஜ் நிலையம் ஊராரின் வாயாக இருந்தது. வித்தியாசம் அதுதான்.

செஞ்சிக்கு என்ன வழி?

டவர் வைத்து டெலிவிஷன் நடத்தத் தனியாருக்கு அனுமதி இல்லை. ஆனால் சமுதாய ரேடியோவுக்கு அனுமதி உண்டு. இந்தியாவின் முதல் சமுதாய ரேடியோ 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2006 முதல் தொண்டு நிறுவனங்களும் இதைத் தொடங்கலாம். இதற்கும் சிறு சக்தியே போதும். ஊரும் சுற்றுக் கிராமங்களும் கேட்கும்.

சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கத் தடை இருக்கிறது. அது தளர வேண்டும். அதுவரை பேச வேறு விஷயமா இல்லை? செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் கொண்டு வரும் விவசாயி இருக்கிறார். தெருக்கூத்துக் கலைஞர் இருக்கிறார். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலும் மேல்சித்தாமூர் சமண மடமும் பக்கத்தில் இருக்கின்றன. தேசிங்கு ராஜன் கதையைச் சொல்லத் தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள்.

"கையில் செல்போன் இருக்கிறதே, இது எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

செல்போனில் உலகமே பேசுகிறது. அந்தச் சந்தடியில் பக்கத்துத் தெரு பேசுவது காதில் விழுவதில்லை. செல்போனில் வரும் வதந்திக்கு விலாசமும் இல்லை. ஊர் நிலையத்துக்கு ஒரு கதவு உண்டு. தவறாகச் சொன்னால் மறுநாள் போய்த் தட்டலாம். கட்டணம் கட்டவும் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கலாம்.

பள்ளிகள், கல்லூரிகள், விவசாயிகள், மகளிர் குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். கோட்டையைப் பார்க்க இனி வெளிநாட்டாரும் வருவார்கள். அவர்களுக்குக் கதை சொல்லும் முன், செஞ்சிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரிய வேண்டாமா?

அதைச் சொல்லும் குரல் செஞ்சியின் குரலாகவே இருக்கட்டும்!