மூன்று அடுப்பு, ஒரு மீட்டர்

கரண்ட் பில் பிரச்சினையைப் பேசினால் நம் தோழர்கள் சிலருக்குக் கொட்டாவி வருகிறது. ஆணவக் கொலை, வன்கொடுமை வழக்கு, பட்டாசு ஆலை வெடிவிபத்து என்று கையில் இவ்வளவு இருக்கும்போது, ஈபி அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவது நுகர்வோர் சங்கத்துக்காரர்கள் வேலை இல்லையா என்கிறார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதாவது ஒரு காலனிக்குப் போய்ப் பத்து வீட்டு அட்டையை வாங்கிப் பாருங்கள், பிறகு பேசுவோம். பட்டா யார் பெயரில் இருக்கிறது, எத்தனை குடும்பம் ஒரே கூரைக்குள் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது, கடைசியாக ரீடிங் எடுக்க ஆள் வந்தது எப்போது, எல்லாம் அந்த அட்டையிலேயே தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. அப்பா காலத்தில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. இரண்டு மகன்களுக்குக் கல்யாணம் ஆகி, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, பக்கவாட்டில் ஓர் அறை என்று இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூன்று அடுப்பு, மூன்று ரேஷன் கார்டு, ஆனால் மீட்டர் ஒன்று. குடும்பத்துக்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் வந்த விலைப்படி, தனித்தனி இணைப்பாக இருந்தால் முதல் 100 யூனிட் இலவசம், மீதி 80 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம் 180 ரூபாய். மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து 540 ரூபாய்.

ஒரே மீட்டரில் ஓடினால் மொத்தம் 540 யூனிட். 500-ஐத் தாண்டிவிட்டதால் 2.25 என்ற சலுகை விலையே கிடையாது. 101 முதல் 400 வரை 4.50, அடுத்த 100-க்கு 6 ரூபாய், கடைசி 40-க்கு 8 ரூபாய். கூட்டினால் 2,270 ரூபாய். எரிந்த விளக்கும் சுற்றிய ஃபேனும் அதேதான். கூடுதலாகப் போவது 1,730 ரூபாய், வருஷத்துக்கு ஆறு முறை. 2024 ஜூலையில் விலை இன்னும் கொஞ்சம் ஏறியது. கணக்கின் வடிவம் மாறவில்லை.

ஏன் தனி இணைப்பு வாங்கவில்லை என்று கேட்டால் பதில் வந்து நிற்கும் இடம் பட்டா. வீடு இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது இடமே புறம்போக்காக இருக்கும். வசதியுள்ளவன் மாடி கட்டி மாடிக்கு ஒரு மீட்டர் வைக்கிறான். ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் இலவசம். அதில் தப்பில்லை, திட்டம் அப்படி. ஆனால் அந்த இலவசம் யாருக்காக அறிவிக்கப்பட்டதோ, அவர்கள் மூன்று குடும்பமாகச் சேர்ந்து ஒரே ஒரு நூறைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43 கேட்பது ‘உரிமையாளர் அல்லது குடியிருப்பவர்’ விண்ணப்பம்தான். தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பும், வீட்டு உரிமையாளர் சம்மதம் தராவிட்டால் அங்கே சட்டப்படி குடியிருப்பதற்கான சான்றும் இழப்பீட்டு உறுதிப் பத்திரமும் கொடுத்து இணைப்பு வாங்கலாம் என்கிறது. வைப்புத் தொகை மட்டும் இரண்டு மடங்கு. ஒரே கதவு எண்ணுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வேண்டுமானால் நிலையான தடுப்பும் தனி வயரிங்கும் இருக்க வேண்டும். ஒரு செங்கல் சுவரும் ஒரு எலக்ட்ரீஷியனும் வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாயை மிச்சப்படுத்த முடியும் என்பதை எந்த அலுவலகமும் காலனிக்கு வந்து சொல்லப் போவதில்லை.

புறம்போக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் டி.எம்.பிரகாஷ் எதிர் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் வழக்கில் கொடுத்த தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு போங்கள். புறம்போக்கில் குடியிருந்தவர்கள் கேட்ட வழக்கு அது. மின்சாரம் இல்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்பும் உடல்நலமும் என்ன ஆகும் என்று விரிவாகப் பேசிவிட்டு, ஆக்கிரமிப்பு என்ற காரணத்தை மட்டும் காட்டி இணைப்பை மறுக்க முடியாது என்றார் நீதிபதி எஸ்.மணிக்குமார். வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2022-இல் உச்ச நீதிமன்றம் திலீப் எதிர் சதீஷ் வழக்கில் சொன்னது இருக்கிறது: வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக மின்சாரத்தை மறுக்கக் கூடாது. சிவகாசி, திருத்தங்கல் லைன் வீடுகளில் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்னதே விலை என்று கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். 100 யூனிட் இலவசம் வீட்டுக்காரருக்குப் போகிறது, பில் மட்டும் இவர்களுக்கு வருகிறது. உரிமம் இல்லாதவர் மின்சார வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது பிரிவு 12. சப்-மீட்டரில் லாபம் வைப்பதை அந்தப் பிரிவின் கீழ் கொண்டுவந்து யாராவது உருப்படியாக வாதாட வேண்டும். சட்டம் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு நல்ல வேலை.

இதெல்லாம் சாதிப் பிரச்சினையா என்று இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். ஒரு கிராமம் ‘மின்மயம்’ ஆகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? 1997 வரை இந்திய அரசின் இலக்கணப்படி, வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எங்காவது, எதற்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும். பண்ணையார் கிணற்றில் ஒரு மோட்டார் ஓடினால் ஊரே மின்மயம். தலித் குடியிருப்பு இருந்தால் அங்கேயும் மின்கம்பி போயிருக்க வேண்டும் என்று இலக்கணத்தில் எழுதப்பட்டது 2004-இல்தான். அதுவரை கணக்கிலேயே சேரி கிடையாது. இத்தனைக்கும் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக மின்சாரத் துறையையும் சேர்த்துக் கவனித்தவர் அம்பேத்கர். மலிவாகவும் தாராளமாகவும் மின்சாரம் கிடைக்காமல் தொழில் வளராது, வறுமைச் சுழலிலிருந்து மக்கள் வெளியே வர முடியாது என்று 1943-லேயே பேசியவர். அவர் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கும் வீட்டில் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

பில் அதிகம் என்று அலுவலகத்துக்குப் போனால், “ஃப்ரிட்ஜ், மிக்ஸி எல்லாம் வச்சுக்கிட்டா அப்படித்தான் வரும்” என்று ஒரு நக்கல் வரும். அதன் பழைய வடிவத்தை நாம் பார்த்திருக்கிறோம். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் நுழைந்த போலீஸ் டி.வி.யையும் ஃபேனையும் தேடித் தேடி உடைத்தது.

இனி, பில்லில் தகராறு என்று வந்தால் என்ன செய்வது. நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று: வாயை மூடிக்கொண்டு கடன் வாங்கிக் கட்டுவது, அல்லது கட்ட மாட்டேன் என்று வீம்பு பிடித்து இருட்டில் உட்காருவது. மூன்றாவது ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. பிரிவு 56-இன்படி, எழுத்து மூலம் முழுசாக 15 நாள் அறிவிப்புக் கொடுக்காமல் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. அதோடு, கேட்ட தொகையையோ, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணத்தையோ, இரண்டில் எது குறைவோ அதை ‘ஆட்சேபத்துடன்’ கட்டிவிட்டால், தகராறு தீரும் வரை துண்டிக்கவே கூடாது. வழக்கமாக 300 ரூபாய் வரும் வீட்டுக்குத் திடீரென்று 6,000 வந்தால், அந்தப் பழைய சராசரியைக் கட்டி, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று மனு எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மாட்டேன் என்றால் பதிவுத் தபால். வாயால் சொன்ன புகாருக்கு எந்த மதிப்பும் இல்லை.

மீட்டர் பழுது என்றால், திருட்டுச் சந்தேகம் இல்லாதவரை, முந்தைய நான்கு மாதப் பயன்பாட்டின் சராசரியைத்தான் போட வேண்டும் என்பது தமிழ்நாட்டு வழங்கல் விதி. பழைய பாக்கி என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்தால் தேதியைப் பாருங்கள். பில்லில் தொடர்ந்து நிலுவையாகக் காட்டி வராத தொகைக்காக இரண்டு வருஷம் கழித்து ஃப்யூஸைப் பிடுங்க முடியாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் ரஹமத்துல்லா கான் வழக்கில் இதைச் சொன்னது. தொகையை வேறு சட்ட வழியில் கேட்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது, அதையும் மறைக்காமல் மக்களிடம் சொல்லிவிட வேண்டும்.

பிரிவு அலுவலகத்தில் காரியம் ஆகவில்லை என்றால் விருதுநகர் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். வக்கீல் வேண்டாம், மனு தமிழில் போதும். தலைவராக உட்கார்ந்திருப்பவர் அதே வட்டத்தின் மேற்பார்வைப் பொறியாளர் என்பதால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே போகாமல் மேலே போக முடியாது. அவர்கள் உத்தரவு வந்த 30 நாளுக்குள் சென்னையில் மின்குறை தீர்ப்பாளரிடம் போகலாம்.

இந்தப் பாதை செல்லாத ஓர் இடம் உண்டு, அதுதான் நம் மக்களை அதிகம் பயமுறுத்துவது. முன்னறையில் பெட்டிக்கடை வைத்து வீட்டு இணைப்பில் ஃப்ரிட்ஜ் ஓட்டினாய் என்று பிரிவு 126-இல் மதிப்பீடு போடுவார்கள். இரட்டிப்புக் கட்டணம்; எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்கு. இதைக் குறைதீர் மன்றம் தொடாது. முதலில் வருவது தற்காலிக உத்தரவுதான், அதற்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். இறுதி உத்தரவுக்கு மேல் 30 நாளுக்குள், பாதித் தொகை கட்டி மேல்முறையீடு செய்யலாம். இது தெரியாமல், “திருட்டுக் கேஸ் ஆயிடும், ஒத்துக்கிட்டுக் கட்டிரு” என்ற ஒரு மிரட்டலிலேயே தாலிக்கயிற்றுக் குண்டுமணி வரை அடகுக்குப் போகிறது. 126 வேறு, திருட்டைப் பற்றிய 135 வேறு. கையெழுத்துப் போடுவதற்கு முன் காகிதத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டும் முறைக்கு வருவோம். 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் என்ற பெயரே அழகாக இருக்கிறது. அதற்குள் ஒரு வரி: 1,000 ரூபாய்க்கு மேல், அல்லது மாநில ஆணையம் குறிக்கும் தொகைக்கு மேல் போனால், ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். உரிமை விதியில் இது என்ன உரிமை? சனிக்கிழமை வாரச் சம்பளத்தைக் கையில் பணமாக வாங்கும் பெண்ணுக்கு, பணமாகவே கட்டும் கவுண்டர்தான் உரிமை. மூன்று அடுப்புக்கு ஒரு மீட்டர் உள்ள வீட்டுக்கு 1,000 என்பது சர்வ சாதாரணம். ஆன்லைன் என்றால் அவர் பக்கத்து வீட்டுப் பையனிடமோ கம்ப்யூட்டர் சென்டரிலோ கமிஷன் கொடுத்துத்தான் கட்டுவார். காசு கணக்கிலிருந்து போய், ரசீது வராமல் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியாது. அப்படி நின்றால் பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அன்றைக்கே பிரிவு அலுவலகத்திலும் மின்னகம் 94987 94987 எண்ணிலும் பதிவு செய்துவிட வேண்டும், வங்கியிலும் புகார் வேண்டும்.

இன்னொன்று, இதை நான் அதிகம் பார்க்கிறேன். 2022 நவம்பரில் ஆதாரை இணைக்கச் சொல்லி அவசரப்படுத்தியபோது, காலனியில் பலர் கடைக்காரர் எண்ணையோ, மகனின் பழைய சிம்மையோ கொடுத்துவிட்டு வந்தார்கள். இப்போது அசெஸ்ஸர் அட்டையில் எழுதாமல் போகிறார், தொகை எஸ்.எம்.எஸ்.ஸில் வருகிறது. யாருக்கோ வருகிறது. அட்டையில் எழுதிய தேதிதான் அறிவிப்பு என்றிருந்த ஊரில், அட்டை காலியாக இருந்தால் அந்த 15 நாள் அறிவிப்பு எங்கே? இதே குழப்பத்தில்தான் அதே 2022-இல் மோசடிக்காரர்களும் புகுந்தார்கள், இன்றிரவு உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடு என்று. அது ஓய்ந்துவிடவில்லை. தனிப்பட்ட செல்போன் எண்ணிலிருந்து வரும் அப்படி ஒரு செய்தியை நம்பி ஒரு பைசா அனுப்பக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதாந்திரக் கணக்கீடு 2021 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி. ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஐந்து நாள் தாமதமாக ரீடிங் எடுத்தால்கூட 480-இல் நிற்க வேண்டிய வீடு 520-க்குப் போய்விடும். 2022 விலையில் 1,605 கட்ட வேண்டியவர் 2,110 கட்டுவார். அடுத்த முறை நாள் குறைந்து பில் இறங்கினாலும் முழுசாகத் திரும்பி வராது. 2020 ஊரடங்கில் நான்கு மாதத்தைச் சேர்த்து ரீடிங் எடுத்தபோது, முன்பு கட்டியதை யூனிட்டாகக் கழிக்காமல் ரூபாயாகக் கழித்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போயும் வாரியத்தின் கணக்கே நின்றது. அன்றைக்கு வீட்டு வாசலில் கறுப்புக் கொடி பிடித்த கட்சிதான் மறு வருஷம் ஆட்சிக்கு வந்தது.

நம் பகுதிக்கென்று தனியாக ஒரு கோரிக்கை வைக்க வேண்டும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். வேலை இல்லை, சம்பளம் இல்லை. சீசனில் ராவோடு ராவாக வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டி, குழாய் உருட்டிய இரண்டு மாதத்தின் பில் அந்த நேரம் பார்த்து வந்து சேரும். ஆலை பூட்டியிருக்கும் நாட்களில் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீடுகளில் துண்டிப்பு கூடாது, தொகையைத் தவணையாக வாங்க வேண்டும் என்று மின்சார ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்கலாம். ஆணையம் கட்டணம் திருத்துவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டே ஆக வேண்டும், அதற்கு எழுத்தாலும் அனுப்பலாம். பெரிய ஆலை முதலாளிகள் சங்கம் வைத்து அனுப்புகிறார்கள். வெம்பக்கோட்டைக் காலனியிலிருந்து முந்நூறு அட்டையின் நகலோடு ஒரு மனு போகட்டும்.