பதிவேடு மட்டும் போதுமா?

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்வோரின் மடியில் ஒரு பையை நாம் அடிக்கடி காண்கிறோம். பழைய மருந்துச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். மழை பொய்த்துப்போன ஆண்டுகளில் திருச்சுழிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போகும் குடும்பங்களுக்கு இந்தப் பைதான் மருத்துவ வரலாறு. பை தொலைந்தால் வரலாறும் தொலைந்துவிடுகிறது. புதிய ஊரில், புதிய மருத்துவரிடம், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வல்லது என்று இன்று பலரும் சொல்லும் தொழில்நுட்பம் பிளாக்செயின். அது என்ன? நம் ஊர் மகளிர் சுய உதவிக்குழுவை எண்ணிப்பார்ப்போம். கணக்கு நோட்டு தலைவியிடம் மட்டும் இருந்தால், ஒரு பக்கத்தைத் திருத்துவது எளிது. ஆனால் இருபது பேரிடமும் அதே நோட்டின் நகல் இருந்து, ஒவ்வொரு வரியும் முந்தைய வரியோடு பூட்டப்பட்டும் இருந்தால்? ஒருவர் ஓர் எண்ணை மாற்றினாலும் மற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். கணினிகளுக்கிடையே இப்படிப் பேணப்படும் பொதுப் பேரேடுதான் பிளாக்செயின்.

எஸ்டோனியா நாடு 2016-ஆம் ஆண்டு முதல் தன் மக்களின் மருத்துவப் பதிவுகளைக் காக்க இத்தகைய நுட்பத்தைப் பயன்படுத்துகிறது. அங்கே நோய் விவரங்கள் அந்தச் சங்கிலிக்குள் வைக்கப்படுவதில்லை. பதிவு மாற்றப்படவில்லை என்பதை உறுதிசெய்யும் முத்திரை மட்டுமே அதில் இருக்கும். தன் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்பதையும் அங்குள்ள குடிமகன் பார்த்துக்கொள்ளலாம். அந்த நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 இலட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் விருதுநகர் மாவட்டத்தின் மக்கள்தொகையோ 19 இலட்சத்துக்கும் மேல்.

தமிழக அரசு 2020-ஆம் ஆண்டில் பிளாக்செயின் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அரசின் மின்னாளுமை முகமை உருவாக்கிய கட்டமைப்புக்கு 'நம்பிக்கை இணையம்' என்றே பெயர். நடுவண் அரசு 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' எண்ணை வழங்கி வருகிறது. இது பிளாக்செயின் அல்ல. நோயாளியின் ஒப்புதலோடு பதிவுகளை ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்வதே இதன் நோக்கம். ஆக, பை மெல்ல மெல்லக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இதை நாம் வரவேற்கலாம். ஆனால் வரவேற்கும் முன், நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு துயரத்தை நினைவுகூர்வது நல்லது.

2018 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த அந்த இரத்தத்தில் எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதைக் கொடுத்த இளைஞர் 2016-ஆம் ஆண்டிலும் இரத்த தானம் செய்தவர். அப்போதே அவருக்குத் தொற்று இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரை வந்தடையவே இல்லை. 2018-இல் உறவினர் ஒருவருக்காக அவர் மீண்டும் இரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தம் நிலை அவருக்குத் தெரிந்தது. உடனே அவரே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. வேதனை தாங்காத அந்த இளைஞர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, அந்த மாத இறுதியில் மதுரையில் இறந்தார். 2019 ஜனவரியில் அந்தப் பெண்ணுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் தெரிய வந்தது. அப்பெண்ணுக்கு 25 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே ஆண்டில் உத்தரவிட்டது.

பிளாக்செயின் இருந்திருந்தால் இது நடந்திருக்காதா? நேர்மையாகச் சிந்திப்போம். 2016-இன் முடிவு எல்லா இரத்த வங்கிகளும் பார்க்கக்கூடிய ஒரு பொதுப் பேரேட்டில் இருந்திருந்தால், 2018-இல் அந்த இரத்தம் ஒதுக்கப்பட்டிருக்கும் வாய்ப்பு உண்டு. அந்த அளவில் தொழில்நுட்பம் உதவும். ஆனால் அந்த இரத்தம் 2018-இலும் பரிசோதனைக்கூடத்தைக் கடந்து, பாதுகாப்பானது என்ற பெயரோடுதான் வெளியே வந்தது. தவறாக எழுதப்பட்டதைப் பிளாக்செயின் திருத்தாது. தவறை அழியாமல் காக்கவே செய்யும். மேலும், 2016-இல் குறைபட்டது பதிவு அல்ல. முடிவு தெரிந்த பிறகு அந்த இளைஞரைத் தேடிச்சென்று, தனியே அமர வைத்து, பக்குவமாகச் சொல்லி, சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஒரு மனிதர் இல்லை. அப்படி ஒருவர் சென்றிருந்தால் இரண்டு குடும்பங்கள் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாரும் எல்லாரையும் அறிந்த நம் கிராமங்களில், ஒரு நோயின் பெயர் வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் நின்றுபோகும், டீக்கடையில் தம்ளர் தனியாகும். எனவேதான் எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நம்மைப் பற்றிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அழிக்க முடியாத ஓர் ஏட்டுக்கும், அழிக்கக் கேட்கும் உரிமைக்கும் இடையே உள்ள முரண்பாடு சிறியதல்ல. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகளைத் தாக்கியவர்கள், நாட்கணக்கில் அதன் பணிகளை முடக்கியதையும் நாம் மறந்துவிடலாகாது.

அப்படியானால் நாம் கற்க வேண்டியது என்ன? பெரிய பெரிய சொற்களை அல்ல. யார் இதை எழுதுகிறார்கள், யார் பார்க்கலாம், தவறு இருந்தால் எங்கே திருத்துவது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கக் கற்றுக்கொள்வோம். ஆபா எண்ணுடன் எந்தச் செல்போன் எண் இணைக்கப்பட்டுள்ளது என்று பார்ப்போம். பாட்டியின் பதிவு திருப்பூரில் வேலை செய்யும் பேரனின் போனில் இருந்தால், நள்ளிரவில் 108 ஆம்புலன்ஸ் வரும்போது அது யாருக்குப் பயன்படும்?

நம் பங்குகளில் இளைஞர்கள் ஆர்வத்தோடு இரத்த தான முகாம் நடத்துகிறார்கள். கொடுப்பவரின் சரியான தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்வதும், பரிசோதனை முடிவு அவரவர் கைக்குத் தனித்தனியே, இரகசியமாகப் போய்ச் சேர இரத்த வங்கி என்ன ஏற்பாடு செய்துள்ளது என்று கேட்டறிவதும் முகாமின் ஒரு பகுதியாகட்டும். அன்பியக் கூட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள், முதியோரின் மருந்துப் பெயர்களையும் ஒவ்வாமைகளையும் ஒரு சிறு நோட்டில் எழுதித் தரலாம். இதற்குக் கணினிகூட வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளோடு பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். நாளை பேரேடு எவ்வளவு நவீனமானாலும், அதில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு நம் வாசலுக்கு வர அவர்களைப் போன்றவர்கள் வேண்டும். சாத்தூரின் துயரம் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே. பதிவேட்டை வலுப்படுத்துவோம். அதைவிட முதலாவதாக, அதை வாசித்து வீடு தேடிச் செல்லும் மனிதர்களை வலுப்படுத்துவோம்.