மிதக்கும் தகடு

நிலநடுக்கம் அரிதான சிங்கப்பூரில், நில அதிர்வை அளக்கும் கருவியை வீட்டில் செய்து பார்ப்பது வீண் வேலை என்று சிலர் கருதுகின்றனர். இக்கருத்து சரியன்று. சுமத்ராவில் நிலம் நடுங்கினால் அது இங்கும் உணரப்படுகிறது. 2007ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் தேதியும் 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதியும் இங்குள்ள உயரமான கட்டடங்கள் ஆடியதைப் பலர் உணர்ந்தனர்.

நெடுந்தூரம் கடந்து வரும்போது விரைவான அதிர்வுகள் அடங்கிவிடும். மெதுவான அசைவுகளே மிஞ்சும். அவற்றை அறிய, தரை அசையும்போது தான் அசையாமல் நிற்கும் ஒரு பொருள் தேவை. நூலில் தொங்கும் குண்டு போதாதா? ஒருமுறை சென்று திரும்ப 2 விநாடி எடுக்கும் ஊசலுக்கு 1 மீட்டர் நூல் வேண்டும். 20 விநாடி என்றால் ஏறத்தாழ 100 மீட்டர்! கிளமெண்டியில் 30 மாடி வீட்டின் உச்சியிலிருந்து தொங்கவிட்டாலும் நூல் மிஞ்சும்.

இங்கேதான் காந்தம் கைகொடுக்கிறது. பைரோலிட்டிக் கிராஃபைட் என்னும் கரிமத் தகட்டைக் காந்தத்தின் இரு முனைகளுமே மெல்ல விலக்கும். நீண்ட நியோடிமியம் காந்தங்களை வடமுனையும் தென்முனையும் மாறிமாறி வருமாறு அருகருகே அடுக்கி, மேலே மெல்லிய தகட்டை வைத்தால், அது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் மிதக்கும். நீளவாட்டில் அதைத் தடுக்க அநேகமாக எதுவும் இல்லை. தகட்டின் நிழல் நகர்வதை ஒளியுணரி கண்டு கணினிக்குச் சொல்லும். (இக்காந்தங்கள் விரலை நசுக்கக்கூடியவை, பெரியவர் ஒருவர் உடனிருப்பது நல்லது.)

கைப்பேசியிலேயே அசைவுணரி இருக்கிறதே என்று கேட்கலாம். தொலைவிலிருந்து வரும் மிக மெல்லிய அசைவுகள் அதன் கணக்கில் பெரும்பாலும் தப்பிவிடும். அதைவிட முக்கியமான காரணம் வேறு. மிதக்கும் தகடு எதற்கெடுத்தாலும் அசையும். மின்விசிறிக் காற்றுப் பட்டால் ஓடும். மேசையில் கையூன்றினால் ஒரு பக்கம் நகரும். கிளமெண்டியில் பெருவிரைவு ரயில் மேம்பாலத்தில் செல்வதால், தண்டவாளத்துக்கு அருகிலுள்ள வீடுகளில் அந்த அதிர்வும் பதிவாகலாம். இந்தத் தொல்லைகளே மாணவருக்குக் கிடைக்கும் நல்ல ஆசிரியர்கள். காற்றைத் தடுக்கக் கண்ணாடிப் பெட்டி வைப்பதும், மேசையை விட்டுத் தரைக்குக் கருவியை மாற்றுவதும், எந்தக் கோடு எதனால் வந்தது என்று நாள்தோறும் குறித்து வைப்பதும் பாடநூலைப் படிப்பதால் மட்டும் வந்துவிடாத பழக்கங்கள்.

இக்கருவி நிலநடுக்கத்தை முன்கூட்டியே சொல்லாது. எந்தக் கருவியாலும் அது இன்னும் முடியவில்லை. ஆனால், கட்டடம் ஆடியதாக வதந்தி பரவும் நாளில், இதைச் செய்த மாணவர் தம் பதிவைத் திறந்து பார்க்கலாம். ரயிலின் அதிர்வு விரைவானது, சில விநாடிகளில் ஓய்ந்துவிடும். சுமத்ராவிலிருந்து வரும் அலை மெதுவாக எழுந்து நெடுநேரம் நீடிக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வெளியிடும் நிலநடுக்க நேரத்துக்குச் சில நிமிடங்கள் கழித்து அந்த அலை தம் பதிவில் தொடங்குகிறதா என்று அவரே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.